பணம் வந்ததும் குடும்பம் பிரிந்ததா?

ஜனவரி 6, காலை (வாசகர் ஒருவரின் கூற்று)

"வருமானம் உயர்ந்த நாடுகளில் எல்லாம் குடும்பம் சிதறிக் கிடக்கிறது. முன்பு மூன்று தலைமுறையினர் ஒரே வீட்டில் இருந்தார்கள். இன்று ஆளுக்கோர் அறை, அறைக்கொரு தாழ்ப்பாள், முதியவருக்குத் தனி வீடு அல்லது முதியோர் இல்லம். பணம் வந்ததும் பாசம் போய்விட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருக்கிறதா?"

ஜனவரி 6, இரவு

இருக்கிறது. பாசத்தை அளக்கக் கருவி இல்லை என்பதால் அளக்கக்கூடியவற்றிலிருந்து தொடங்குகிறேன்: ஒரு கூரையின் கீழ் எத்தனை பேர் இருந்தார்கள், அந்த வீடு யார் பெயரில் இருந்தது, யாருடைய சம்பாத்தியத்தில் நின்றது.

வரலாற்றாய்வாளர் பீட்டர் லாஸ்லெட்டும் கேம்பிரிட்ஜில் அவருடன் பணியாற்றியவர்களும் இங்கிலாந்தின் பழைய ஊர்ப் பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1901 வரை ஒரு வீட்டில் வாழ்ந்தவர்களின் சராசரி எண்ணிக்கை, வேலைக்காரர்களையும் சேர்த்து, 4.75ஐ ஒட்டியே இருந்ததாகத் தெரியவந்தது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே அங்கே பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் வாழ்ந்த சிறு குடும்பம்தான் பெரும்பான்மை. பேரப்பிள்ளை பிறக்கும்வரை உயிரோடிருந்தவர்களே குறைவு என்பதும் இதற்கு ஒரு காரணம். மூன்று தலைமுறை ஒன்றாக இருக்க வேண்டுமானால் முதலில் மூன்று தலைமுறையும் உயிரோடு இருக்க வேண்டும்.

இதைவிட வியப்பானது பிரெஸ்டன் நகரத்தின் கதை. லங்காஷயரின் பருத்தி ஆலை நகரமான அதன் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மைக்கேல் ஆண்டர்சன் ஆராய்ந்தபோது, பெற்றோர் பிள்ளைகளுக்கு அப்பாற்பட்ட உறவினரும் தங்கியிருந்த வீடுகள் 23 விழுக்காடு என்று கண்டார். தொழிற்புரட்சிக்கு முந்தைய இங்கிலாந்தில் அந்த விகிதம் ஏறத்தாழ 10 விழுக்காடுதான். ஆலை வந்தது, கூலி வந்தது, குடும்பம் சுருங்குவதற்குப் பதிலாகப் பருத்தது. வாடகை கூடுதலாக இருந்ததால் அதைப் பகிர ஆள் தேவைப்பட்டது. தாய் ஆலைக்குப் போனதால் குழந்தையைப் பார்க்கப் பாட்டி தேவைப்பட்டாள். பாட்டிக்கும் போக வேறு இடம் இல்லை. பொருளாதார மாற்றம் குடும்பத்தைப் பிரிக்கும் திசையில் மட்டுமே தள்ளும் என்று எண்ணுகிறவர்கள் பிரெஸ்டனுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஜனவரி 7

நேற்று எழுதியதற்கு ஓர் எல்லை போட வேண்டும். இங்கிலாந்தில் கண்டதை உலகம் முழுவதற்கும் விரிக்கக் கூடாது. மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் ஹாஜ்னல் 1965இல் ஐரோப்பாவின் குறுக்கே, இத்தாலியின் திரியெஸ்தேவிலிருந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை ஒரு கோட்டை வரைந்தார். அதற்கு மேற்கே மக்கள் தாமதமாக மணந்து, மணந்ததும் தனிக்குடித்தனம் போனார்கள். பலர் மணக்கவே இல்லை. கிழக்கே இளவயதில் மணந்து, பெற்றோரின் வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தினார்கள். ஆகவே கூட்டுக் குடும்பம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. அது இருந்த இடங்களிலும் பெரும்பாலும் நிலமோ கடையோ தொழிலோ உடையவர்களின் வீடுகளில்தான் நிலைத்திருந்தது என்றே சொல்கிறேன். பங்கு போட ஒன்றும் இல்லாதவர்களைச் சேர்த்து வைத்திருக்க எதுவும் இல்லை. கூலி எங்கே கிடைத்ததோ அங்கே போனார்கள். நம் நினைவில் தங்கியிருப்பது பெரிய வீட்டாரின் கதை. குடிசைக்காரர்களின் கதையை யாரும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைக்கவில்லை.

ஜனவரி 9

"அப்படியானால் முதியவர்கள் ஏன் தனியானார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையின் மையமான கேள்வி இதுதான் என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வளர்ந்த பிள்ளைகளுடன் வாழ்ந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முடிவில் அப்படி வாழ்ந்தவர்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த வீழ்ச்சியை விளக்க இரண்டு தரப்புகள் உண்டு. பொருளாதார ஆய்வாளர் டோரா கோஸ்டா, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் போரிட்டவர்களுக்குக் கிடைத்த ஓய்வூதியத்தை ஆராய்ந்து, கையில் காசு இருந்த முதியவர்கள் தனியாக வாழ்வதையே தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்டினார். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தெரிவு பலருக்கும் வாய்த்தது. வரலாற்றாய்வாளர் ஸ்டீவன் ரகிள்ஸ் வேறு திசையிலிருந்து பார்க்கிறார். பழைய நாளில் மகன் தந்தையோடு தங்கியதற்குக் காரணம் பண்ணை. தந்தைக்குப் பிறகு அது தனக்கு வரும் என்று அவன் காத்திருந்தான். கூலி வேலையும் சம்பள வேலையும் பெருகியதும் காத்திருக்க வேண்டிய தேவை தீர்ந்தது. முதல் விளக்கத்தில் முதியவர் விடுதலை பெறுகிறார். இரண்டாவதில் இளையவர் விடுதலை பெறுகிறார்.

எனக்கு இரண்டும் உண்மையாகவே தோன்றுகின்றன, ஆனால் இரண்டாவதுதான் வேர் என்று நினைக்கிறேன். என் தாத்தாவின் தொழிலில் அவருடைய பிள்ளைகள் எல்லாரும் இருந்தவரை எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பெட்டிச் சாவி தாத்தாவிடம் இருந்தது. யாருக்கு எப்போது என்ன வாங்குவது என்பதை அவர்தான் முடிவு செய்தார். முதலில் வெளியேறியவர் சம்பள வேலை கிடைத்த சித்தப்பா. அவர் மற்றவர்களைவிடப் பாசம் குறைந்தவர் அல்லர். தாத்தா நோயில் விழுந்தபோது செலவைப் பெரும்பாலும் சுமந்தவரும் அவரே. அவருடைய பிழைப்பின் சாவி இன்னொருவர் கையில் இல்லாமல் போனது, அவ்வளவுதான். எஞ்சியவர்கள் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று ஊர் மெச்சியது. அந்த ஒற்றுமைக்கு உள்ளே என் அம்மா தன் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவதற்குக்கூட யாரிடமெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது என்பது ஊருக்குத் தெரியாது.

ஜனவரி 12

இந்தக் கதையில் வீடு எங்கே வருகிறது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். வீட்டை எவர் எப்படி வாங்க முடியும் என்ற விதி, எந்த வடிவக் குடும்பம் எளிதாக வாழ முடியும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்து விடுகிறது.

1930களுக்கு முன் அமெரிக்காவில் வீட்டுக்கடன் என்றால் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகளுக்குத்தான். விலையில் பாதியைக் கையிலிருந்து போட வேண்டும், முடிவில் மீதி அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்த ஏற்பாடு இடிந்து விழுந்த பிறகு, 1934இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் உருவாகி, கடனுக்கு அரசே காப்பு அளித்தது. நீண்ட காலத் தவணை, சிறிய முன்பணம், மாதந்தோறும் ஒரே தொகை என்ற இன்றைய முறை அங்கிருந்துதான் வேரூன்றியது. 1944இல் போரிலிருந்து திரும்பியவர்களுக்கான சட்டமும் சேர்ந்துகொள்ள, சொந்த வீட்டில் வாழ்வோர் விகிதம் 1940இல் இருந்த ஏறத்தாழ 44 விழுக்காட்டிலிருந்து 1960இல் 62 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. ஒரு கணவர், அவருடைய சம்பளம், வீட்டில் இருக்கும் மனைவி, இரண்டு மூன்று பிள்ளைகள் என்ற குடும்பம் இயற்கையானது போலத் தோன்றியதற்கு அந்தக் கடன் விண்ணப்பத்தின் கட்டங்களும் காரணம்.

எல்லாருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று அரசு நிறுவனங்களே எழுதி வைத்தன. வீட்டு விற்பனையிலும் கடனிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் சேமிப்பு ஒரு பக்கம் வீடாக வளர்ந்துவிட்டது, இன்னொரு பக்கம் வாடகையாகக் கரைந்துவிட்டது. பிள்ளையைப் படிக்க வைக்க அடமானம் வைக்கத்தக்க வீடு இருந்த குடும்பமும் இல்லாத குடும்பமும் இன்றுவரை ஒன்றல்ல.

பெண்களின் கதையும் இப்படித்தான். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் மனைவியின் சம்பளத்தைக் கடன் கொடுப்பவர்கள் கணக்கில் சேர்க்காமலோ பாதியாகக் குறைத்தோ மதிப்பிட்டார்கள். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் சமவாய்ப்புக் கடன் சட்டமும், பிரிட்டனில் 1975ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் வந்த பிறகே அது சட்டவிரோதமானது. நியாயமான மாற்றம், தாமதமாக வந்த மாற்றம். ஆனால் வீடுகளின் எண்ணிக்கை அதே வேகத்தில் கூடாத இடங்களில், இரண்டு சம்பளம் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலையை ஏற்றினார்கள். சில ஆண்டுகளில் இரண்டு சம்பளம் இல்லாமல் வீடு வாங்க இயலாது என்ற நிலை வந்தது.

எங்கள் வீட்டுக்கடனும் இரண்டு சம்பளத்தைக் கூட்டிப் போட்ட கணக்குதான். அந்த ஒரு மாதத்தின் சம்பளச் சீட்டுகள் எங்களுடைய அடுத்த 20 ஆண்டுகளை எழுதிவிட்டன என்பது கையெழுத்துப் போட்டபோது உறைக்கவில்லை. மகள் பிறந்ததும் வேலையை விட வேண்டும் என்று என் மனைவி விரும்பினாள். தவணை அதற்கு இடம் கொடுக்கவில்லை. நான் விட்டிருக்கலாமே என்று கேட்டால், என் சம்பளம் கூடுதலாக இருந்தது என்பதுதான் விடை. ஏன் கூடுதலாக இருந்தது என்பது இன்னொரு நீண்ட இழை.

ஜனவரி 13

மேலே எழுதியதைப் "பெண்கள் வேலைக்குப் போனதால் வீட்டு விலை ஏறிற்று" என்று சுருக்கி ஒருவர் பகிர்ந்திருக்கிறார். அது என் கருத்தன்று. விலை ஏறியது, தேவை கூடிய வேகத்துக்கு வீடு கட்டப்படாததால். கடன் தாராளமாகக் கிடைத்து, கட்டுவதற்கான நிலமும் அனுமதியும் இறுகியிருந்தால், கூடுதல் பணம் யாருடையதாக இருந்தாலும் விலைக்குள்தான் போய்ச் சேரும்.

ஜனவரி 18

குடும்பம் ஒரு தலைமுறைக்குள் மாறிவிடுகிறது. சுவர் மாறுவதில்லை. இன்று கட்டப்படும் வீடு 50, 60 ஆண்டுகள் நிற்கும். அதைக் கட்டியவர்கள் மனத்தில் வைத்திருந்த குடும்பமும் அத்தனை ஆண்டுகள் அதன் அறைகளுக்குள் நின்றுகொண்டே இருக்கும்.

சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. ஒருத்தி எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டு, அவளுடைய உழைப்பைக் குறைக்கவே அப்படி வரைந்தார். அந்நகரில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது, உலகெங்கும் அடுக்குமாடிச் சமையலறைகளுக்கு முன்மாதிரியும் ஆயிற்று. நல்ல நோக்கம்தான். ஆனால் ஒருத்தி மட்டுமே நிற்கத்தக்க அறையில் வேலையைப் பகிர இன்னொருவர் உள்ளே வர முடியாது. மாமியாரும் மருமகளும் அங்கே முட்டிக்கொள்வது குணத்தால் மட்டும் அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சோவியத் நகரங்களில் பல குடும்பங்கள் ஒரே சமையலறையையும் ஒரே குளியலறையையும் பகிர்ந்து, குடும்பத்துக்கு ஓர் அறை வீதம் வாழ்ந்தன. 1957 ஜூலையில் குருஷேவ் ஆட்சி வெளியிட்ட ஆணைக்குப் பின், குடும்பத்துக்கொரு தனி வீடு என்ற இலக்குடன் ஐந்து மாடிக் குடியிருப்புகள் பெருந்தொகையாக எழுந்தன. அவற்றின் சமையலறை 6 சதுர மீட்டர்கூடத் தேறாது, சுவர்கள் மெல்லியவை, மின்தூக்கி கிடையாது. இருந்தும் தங்களுக்கென்று ஒரு கதவு கிடைத்ததை மக்கள் கொண்டாடினார்கள். தனிமையும் ஒரு தேவைதான். அது கெட்டுப்போனவர்களின் ஆசை அன்று.

அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடு வந்து தங்கினார். இரண்டு படுக்கையறை வீடு. ஒன்று எங்களுக்கு, ஒன்று மகளுக்கு. அம்மாவின் கட்டில் கூடத்தில் போடப்பட்டது. பகலில் அதை மடிப்பதா விரித்தே வைப்பதா என்பது நாள்தோறும் ஒரு சிறு வழக்கானது. இரவில் மகள் படிக்க வேண்டும், அம்மா விளக்கணைத்துத் தூங்க வேண்டும், நான் நள்ளிரவில் வேலை முடித்துத் திரும்புவேன். யாரும் யார்மீதும் கோபப்படவில்லை, ஆனால் எல்லாரும் குரலைத் தாழ்த்தியே பேசினோம். பெற்றோரைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்க விரும்புவது இதுதான்: கட்டிலை எங்கே போடச் சொல்கிறீர்கள்? அதைக் கேட்காமல் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது.

ஜனவரி 19

நேற்று எழுதியதைப் படித்தபோது அதில் அம்மாவின் பக்கம் குறைவாக இருப்பதாகத் தோன்றியது. தனியாக ஒரு சிறு வீடு பார்த்துத் தரச் சொன்னது அவர்தான். "உங்கள் நேரத்துக்கு நான் தூங்கி, உங்கள் நேரத்துக்கு நான் விழிக்க வேண்டியிருக்கிறது" என்றார். அதை நான் முதலில் மனத்தாங்கலாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அடுத்த தெருவில் இருக்கிறார். முன்பைவிடக் கூடுதலாகப் பேசுகிறோம், ஏனென்றால் இப்போது பேசுவதற்கென்று போகிறோம்.

வியன்னாவில் சமூகவியலாளர்களான லியோபோல்ட் ரோசன்மாயரும் ஈவா கோக்கெய்ஸும் 1960களில் முதியவர்களிடம் நடத்திய ஆய்வில் வெளிப்பட்டதும் இதே விருப்பம்தான்: பிள்ளைகளுக்கு அருகில், ஆனால் தனி வாசலோடு. அதற்கு அவர்கள் "தூரத்தில் இருந்தபடி நெருக்கம்" என்று பெயர் வைத்தார்கள். முதியவர் தனியாக வாழ்கிறார் என்ற புள்ளிவிவரத்தைக் கைவிடப்பட்டதன் சான்றாகப் படிப்பதற்கு முன், பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 21

இன்னொன்று. தனி வாசல் ஓய்வூதியமோ சேமிப்போ உள்ளவர்களுக்கு மட்டுமே திறக்கும் வாசல். வாழ்நாள் முழுவதும் சம்பளமில்லாமல் வீட்டுவேலை செய்த பெண்ணுக்கு அந்தத் தெரிவு அவள் கணவனின் கணக்கு வழியாகத்தான் வருகிறது, வந்தால்.

ஜனவரி 25

அரசு நினைத்தால் குடும்ப வடிவத்தை மாற்ற முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும், செய்துகொண்டும் இருக்கிறது. வெளிப்படையாகச் செய்யும் நாடு சிங்கப்பூர்.

அங்கே வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. 1968 முதல் தொழிலாளர்கள் தங்கள் மத்திய சேமநிதியை (சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் கட்டாயச் சேமிப்பை) எடுத்து அரசு வீடு வாங்கலாம் என்றாயிற்று. இன்று அந்நாட்டில் வாழும் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் அந்த அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கப்படுகின்றன. பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ மறுவிற்பனை வீடு வாங்குவோருக்கு 2015 முதல் மானியம் உண்டு; அருகில் என்றால் 4 கிலோமீட்டருக்குள் என்பது 2018 முதல் உள்ள கணக்கு. மூன்று தலைமுறை சேர்ந்து வாழவென்றே பெரிய வீடுகளையும் கட்டியிருக்கிறார்கள். ரோசன்மாயர் கண்ட விருப்பத்தை இங்கே கிலோமீட்டரில் எழுதி வைத்துப் பணமும் கொடுக்கிறார்கள் என்பதை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

ஆனால் அதே விதிப்புத்தகம் மணமாகாதவர் ஒருவர் தனியாக அந்த வீட்டை வாங்குவதற்கு 35 வயதுவரை காத்திருக்க வேண்டும் என்கிறது. குடும்பம் என்றால் இன்னது என்று அரசு வரையறுத்து, அதற்குள் வருகிறவர்களுக்குச் சாவி கொடுக்கிறது. வராதவர்கள் வயதாகும்வரை பெற்றோர் வீட்டிலோ வாடகையிலோ இருக்க வேண்டும். அவர்கள் பெற்றோருடன் இருப்பதைப் பாசம் என்று எண்ணிக்கொள்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

வியன்னா வேறு வழியில் போயிற்று. 1919 முதல் 1934 வரை அந்த நகராட்சி 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் நீளமானது, ஏறத்தாழ 1,400 வீடுகள் கொண்டது. வீடுகள் சிறியவைதான். ஆனால் துணி வெளுக்கும் கூடங்களும் குளியலகங்களும் மழலையர் பள்ளிகளும் நூலகமும் முற்றத்தைச் சுற்றியே இருந்தன. குடும்பத்தின் வேலைகளில் ஒரு பகுதியைச் சுவருக்கு வெளியே எடுத்து எல்லாருக்கும் பொதுவாக்கினால் சிறிய வீட்டிலும் மனிதர் நிமிர்ந்து வாழலாம் என்பது அவர்கள் கண்ட விடை. இன்றும் அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோ வாழ்கிறார்கள். பிரிட்டனோ 1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் வழியே அரசு வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடியில் விற்றது. வாங்கிய குடும்பங்களுக்கு அது பெரிய ஏற்றம். விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டாததால், அவர்களுடைய பிள்ளைகளில் பலர் தனியாரிடம் வாடகைக்கு நிற்கிறார்கள்.

ஜனவரி 27

முதற்கூற்றை எழுதியவர் திரும்ப வந்து, "எப்படியானாலும் பணம் இல்லாதபோது சேர்ந்திருந்தார்கள், வந்ததும் பிரிந்தார்கள் என்பது நிற்கிறதல்லவா?" என்கிறார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்று பல நாடுகளில் நடப்பதை அவர் பாசம் திரும்பிவந்ததன் அடையாளமாகக் கொண்டாட வேண்டும்.

அமெரிக்காவில் 2020 ஜூலையில் 18 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் 52 விழுக்காட்டினர் பெற்றோருடன் இருந்தார்கள். பெருமந்தத்துக்குப் பின் பாதியைத் தாண்டியது அப்போதுதான். பெருந்தொற்றை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பல தலைமுறைகள் சேர்ந்த வீடுகளில் வாழ்வோர் 1971இல் 7 விழுக்காடாக இருந்து 2021இல் 18 விழுக்காடாகியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2022இல் இளையவர்கள் பெற்றோர் வீட்டை விட்டுச் செல்லும் சராசரி வயது பின்லாந்தில் 21.3, குரோவேஷியாவில் 33.4. குரோவேஷியர்கள் பின்லாந்துக்காரர்களைவிட 12 ஆண்டு அளவுக்குப் பாசம் மிகுந்தவர்களா? பின்லாந்தில் மாணவருக்கு உதவித்தொகையும் வாடகை உதவியும் கிடைக்கின்றன, வாடகை வீடும் கிடைக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

பிரிய வசதி இல்லாததால் சேர்ந்திருப்பதும் விரும்பிச் சேர்ந்திருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு வேறுபாடு தெரியும். விலகிச் செல்லும் வழி இருந்தும் விலகாதவர்களிடம்தான் பாசத்தைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தென்கொரியாவையும் இதில் சேர்க்கிறேன். அங்கே ஜொன்சே என்ற முறையில், மாத வாடகைக்குப் பதிலாக வீட்டு விலையில் பாதியையோ அதற்கு மேலோ மொத்த முன்பணமாகக் கொடுத்துக் குடியேற வேண்டும். காலம் முடிந்ததும் பணம் திரும்பும். அந்தத் தொகையைத் திரட்ட முடியாத இளையவர்கள் திருமணத்தைத் தள்ளிப் போடுகிறார்கள், பெற்றோரின் சேமிப்பை எதிர்பார்க்கிறார்கள். 2023இல் அந்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 0.72. நெடிய வேலைநேரம், கல்விச் செலவு, பெண்கள்மீது விழும் வீட்டுச்சுமை என்று காரணங்கள் பல. வீடு அவற்றில் ஒன்று மட்டுமே, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ஒன்று.

பிப்ரவரி 2

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி ஒருவர் எழுதச் சொன்னார். ஜப்பானில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலியாக இருக்கின்றன; மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. அதே நாட்டின் பெருநகரத்தில் இளையவர் ஒருவர் ஓர் அறைக்கு அலைகிறார். வேலை ஓரிடத்தில், வீடு ஓரிடத்தில் என்று ஆனபின், வீடு பற்றாக்குறையும் வீடு மிகுதியும் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. பெற்றோர் இறந்ததும் பிள்ளைகள் பத்திரத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றாமல் விட்டுவிட, இரண்டு தலைமுறைக்குப் பின் உரிமையாளர்கள் யார் யார் என்றே தெரியாமல் போயிற்று. அதனால் 2024 ஏப்ரல் முதல் மரபுரிமையாக வந்த சொத்தை மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்வதை அங்கே சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

எங்கள் தாத்தாவின் வீடும் அந்த வழியில்தான் இருக்கிறது. வாரிசுகள் பலர், பல ஊர்களில். விற்க எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். பழுதுபார்க்க யாரோ ஒருவர் பணம் போட வேண்டும். போடுகிறவருக்குக் கூடுதல் பங்கு உண்டா என்ற கேள்வியில் பேச்சு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கூரையில் இன்னொரு மூலை இறங்குகிறது. அந்த வீட்டின்மீது எல்லாருக்கும் பாசம் இருக்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

சீனாவில் நிலைமை இன்னும் கடினம். 1958இல் சட்டமான குடும்பப் பதிவு முறை, கிராமத்தில் பதிவானவர் நகரத்தில் உழைத்தாலும் நகரத்தின் பள்ளியும் மருத்துவமும் அவர் பிள்ளைக்கு எளிதில் கிடைக்காதபடி செய்தது. பெற்றோர் நகரத்து விடுதியில், பிள்ளைகள் கிராமத்தில் தாத்தா பாட்டியிடம். அனுப்பிய பணத்தில் கட்டிய பெரிய வீட்டில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள். பாட்டியும் பேரனும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதைக் கண்டு கூட்டுக் குடும்பம் என்று யாரும் மகிழ மாட்டோம்.

பிப்ரவரி 8

சகோதரர்கள் சேர்ந்து ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த தளங்களை வாங்குவது நல்லதா என்று கேட்டவருக்கு. நானும் என் தங்கையும் அம்மாவை நடுவில் வைத்து இதைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம், ஆகவே கேட்டவருக்கு அறிவுரையாக அன்றி எங்கள் பேச்சில் எழுந்தவையாகவே எழுதுகிறேன்.

சமையலறைகள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தவணையை யார் எவ்வளவு கட்டுவது என்பதையும் எளிதாக முடித்துவிட்டோம். கடினமானது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் உழைப்பைக் கணக்கில் எப்படி எழுதுவது என்பது. தங்கை வீட்டில் இருந்தபடி வேலை செய்கிறாள். மருத்துவரிடம் அழைத்துப் போவது பெரும்பாலும் அவள்தான் என்று ஆகும். அந்த நேரத்துக்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னேன். அம்மாவைப் பார்ப்பதற்குக் கூலியா என்று அவள் வருந்தினாள். ஜப்பான் 2000ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்து, 40 வயதைக் கடந்த எல்லாரிடமும் தவணை வாங்கி, பயிற்சி பெற்ற பணியாளரை வீட்டுக்கே அனுப்பியது, மகளும் மருமகளும் ஊதியமின்றிச் சுமந்ததைச் சமூகம் பகிர வேண்டும் என்பதற்காகத்தான் என்று அவளிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு நாள் கழித்து, வெளியாள் ஒருவரை நியமித்து இருவரும் சம்பளம் கொடுக்கலாம் என்று அவளே சொன்னாள்.

இன்னும் எழுதி முடிக்காத பத்தி வெளியேறும் வழி பற்றியது. ஒருவருக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்தால், ஒருவரின் மணவாழ்க்கை முறிந்தால், அவருடைய பங்கை மற்றவர் என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்குள் வாங்கிக்கொள்வது? அம்மா தன் தளத்தில் ஆயுள் முழுவதும் இருக்கும் உரிமை, பங்கு யார் கைக்குப் போனாலும் மாறக் கூடாது என்பதை எப்படி எழுதுவது? இதற்கு வழக்கறிஞரைப் பார்க்க நாள் குறித்திருக்கிறோம். வாங்குவதற்கு முன் உங்கள் அண்ணனிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான். அவர் முகம் சுளித்தாலும் கேட்டுவிடுங்கள்.